வக்கீல் அலுவலகமும் பழைய தேக்கும்: வாசகர் கேள்விகளுக்குக் கட்டடக் கலைஞரின் பதில்கள்

அலுவலக உள்ளமைப்பும் சுற்றுச்சூழலும் குறித்துச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வழக்கறிஞர்களிடமிருந்து வந்தவை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தம்பு செட்டி தெருவில் மேற்கு பார்த்த ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் 2,400 சதுர அடி இடத்தை ஒன்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். மூன்று சீனியர்கள், பதினொரு ஜூனியர்கள், நான்கு குமாஸ்தாக்கள் இருக்கிறோம். பெரிய நிறுவனங்கள் கட்சிக்காரர்களாக வரத் தொடங்கியிருப்பதால் அலுவலகம் உயர்தரமாக இருக்க வேண்டும். சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாததாகவும் இருக்க வேண்டும் என்று எங்கள் இளைய பங்குதாரர் பிடிவாதமாக இருக்கிறார். ஒப்பந்ததாரரோ இத்தாலிய மார்பிள் தரை, முழுக்க ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு ஒட்டிய சுவர்கள் என்று மதிப்பீடு கொடுத்திருக்கிறார். இரண்டு விருப்பமும் ஒரே அலுவலகத்தில் நிறைவேறுமா? (வழக்கறிஞர், சென்னை)

பதில்: நிறைவேறும். உங்கள் ஒப்பந்ததாரர் எவற்றையெல்லாம் மூடச் சொல்கிறாரோ, அவற்றில்தான் நீங்கள் தேடும் உயர்தரம் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் கணிப்பு. மதிப்பீட்டில் கையெழுத்திடுவதற்கு முன் ஓர் ஏணியைப் போட்டு மேலே பாருங்கள். அந்தத் தெருவின் பழைய கட்டடங்கள் பலவற்றில் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்திருக்கும். அதாவது, தேக்கு உத்திரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் பிணைத்திருப்பார்கள். இன்றைக்கு அப்படி ஒரு கூரையைப் புதிதாகக் கட்ட எவ்வளவு செலவாகும் என்று விசாரித்தால், அதை ஜிப்சம் பலகைக்குப் பின்னால் ஒளித்து வைக்க யாருக்கும் மனம் வராது. உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் நுழையும் இடங்களில் ஈரமோ கரையானோ இருக்கிறதா என்பதை முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு சோதித்துவிட்டு, பழைய பெயின்டை மெதுவாகச் சுரண்டி எடுத்து, ஆளிவிதை எண்ணெய் பூசினால் போதும். உயரமும் உங்களுக்கு மிஞ்சும். சூடான காற்று தலைக்கு மேலே வெகு தூரத்தில் நிற்கும்.

சுவருக்கு வருவோம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொண்டு கொப்புளம் கொப்புளமாக உப்பிக்கொண்டு வரும். துறைமுகமும் கடலும் அருகில் இருக்கும் உங்கள் ஜார்ஜ் டவுன் பகுதியில் உப்பும் சேர்ந்துகொள்ளும். வெனீர் பலகையை ஆணியடித்து அதை மறைத்தால் கரையானுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும். சுண்ணாம்புப் பூச்சையே மீண்டும் செய்யுங்கள். வரவேற்பறையின் ஒரே ஒரு சுவருக்கு மட்டும், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்து, முட்டை வெண்கரு சேர்த்து இழைக்கும் செட்டிநாட்டுப் பூச்சைக் கொடுக்கலாம். தெரிந்த கைகள் குறைவு, கூலி அதிகம், நாளும் பிடிக்கும். ஆனாலும் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கும் கட்சிக்காரர் மார்பிளைத் தேட மாட்டார்.

தரையைப் பொறுத்தவரை, இப்போது தெரியும் டைல்ஸின் ஒரு மூலையைப் பெயர்த்துப் பாருங்கள். கீழே சிவப்பு ஆக்ஸைடு தரையோ கடப்பைக் கல்லோ கிடைத்தால் அதைத் தேய்த்து மெருகேற்றுவதே சிறந்தது. எதுவும் கிடைக்காவிட்டால் ஆத்தங்குடிக் கல்லை எண்ணிப் பாருங்கள். அது சூளையில் வேகவைக்கப்படுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்துவார்கள். அதனால் எரிபொருள் செலவு குறைவு. கண்ணாடியின் வழவழப்பும் அப்படியே கல்லில் இறங்கிவிடும். ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது என்பதைத் துப்புரவுப் பணியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறந்ததால், திறப்பு விழா முடிந்த மூன்றாம் நாளே தரை வெளுத்துப் போயிருந்தது.

நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது மேற்கு பார்த்த முகப்புதான். தம்பு செட்டி தெரு தெற்கு வடக்காக ஓடுவதால், அதன் கட்டடங்கள் கிழக்கையோ மேற்கையோதான் பார்க்கின்றன; உங்கள் பங்குக்கு மாலை வெயில் வாய்த்திருக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டால் வெயில் அறைக்குள் நுழைந்த பிறகுதான் தடுக்கப்படுகிறது. வெளியே மரச் சட்டங்களாலான மறைப்பை வைத்தால் வெப்பம் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும். சீனியர்களின் அறைகளை வழக்கம்போலத் தெருப்பக்கம் வைக்காமல், அங்கே கோப்பு அறையையும் வரவேற்பறையையும் வைத்து அவற்றை வெப்பத்துக்குக் கேடயமாக்குங்கள். இவ்வகை வீடுகள் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். நடுவில் ஒரு முற்றம் இருந்திருக்கும். அதன்மேல் பிற்காலத்தில் யாரோ ஷீட் போட்டு மூடியிருப்பார்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் அதைத் திறந்து, மேலே கண்ணாடியும் பக்கவாட்டில் காற்றுப்போக்கியும் அமையுங்கள்; நடு அறைகளுக்குப் பகலில் விளக்கே வேண்டியிருக்காது. அது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் உடைக்கவோ துளையிடவோ கூடாது. நனைத்து, முழுத்தகடாகவே இறக்கி, உறையிட்டு, உரிய முறையில் அப்புறப்படுத்தத் தெரிந்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

மரச் சாமான்களுக்குப் புதுத் தேக்கு வேண்டாம். இடிக்கப்படும் வீடுகளிலிருந்து வரும் பழைய பர்மா தேக்கு காரைக்குடியிலும் சென்னையின் பழைய மரக் கடைகளிலும் கிடைக்கிறது. சாம்பல் பூத்துப் பயனற்றதுபோல் கிடக்கும் ஓர் உத்திரத்தின்மேல் ஆசாரி இழைப்புளியை ஓட்டும்போது நின்று பாருங்கள்: இரண்டாம் இழைப்பிலேயே தேன் நிறம் வெளிவரும், எத்தனையோ ஆண்டுகளாக உள்ளே அடங்கிக் கிடந்த எண்ணெய் வாசனை பட்டறை முழுக்கப் பரவும். அதற்குள் ஒளிந்திருக்கும் ஆணி இழைப்புளியின் வாயை உடைப்பதும் உண்டு. அதற்காக ஆசாரி முணுமுணுத்தால் கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். ஆணித் துளைகளை அடைக்காமல் விட்டுவிடுவது என் விருப்பம். மேசை எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கட்சிக்காரரிடம் சொல்வதற்கு உங்களுக்கு ஒரு கதை இருக்கும்.

கடைசியாக, உங்கள் குத்தகை ஒன்பது ஆண்டு என்பதை மறக்காதீர்கள். பசையால் ஒட்டிய ஒவ்வொன்றும் பத்தாம் ஆண்டில் குப்பை மேட்டுக்குத்தான் போகும். தடுப்புகள், அலமாரிகள், விளக்குச் சட்டங்கள் அனைத்தையும் திருகாணியால் பிணைத்து, கழற்றி எடுத்துச் செல்லத்தக்கவையாகச் செய்யச் சொல்லுங்கள். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்று வழக்கறிஞருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் எல்லா அறைகளுக்கும் 12 மில்லிமீட்டர் கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறோம். வெளிச்சம் உள்ளே வரும், மின்சாரம் மிச்சமாகும் என்று வடிவமைப்பாளர் சொன்னார். இப்போது கட்சிக்காரர்கள் பேசத் தயங்குகிறார்கள். கண்ணாடியை எடுத்துவிட வேண்டுமா? (குடும்ப நல வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர், கோயம்புத்தூர்)

பதில்: எல்லாக் கண்ணாடியையும் எடுக்க வேண்டாம்; கட்சிக்காரருடன் அமரும் அறையில் மட்டும் எடுத்துவிடுங்கள். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொல்வது வெளியே போகக் கூடாது என்பதற்குச் சட்டமே காப்பு வைத்திருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இருந்த அது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 132-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. சட்டம் காப்பதைச் சுவர் கைவிட்டால் என்ன பயன்? ஓர் அலுவலகத்தின் காத்திருப்பு அறையில் ஒருமுறை கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள், பக்கத்து அறையில் பேசப்பட்ட ஜீவனாம்சத் தொகை எவ்வளவு, அதில் எவ்வளவு குறைக்கலாம், மாமியார் என்ன சொன்னார் என்பவையெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டன. எனக்கு எதிரே இருந்தவர் எதிர்த்தரப்பு உறவினராகக்கூட இருந்திருக்கலாம்.

அந்த அறையின் தடுப்பு விலையுயர்ந்ததுதான். குறை மேலே இருந்தது. தடுப்புச் சுவர் ஃபால்ஸ் சீலிங் வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேலே தளம் வரை வெற்றிடம். பேச்சு அந்த வழியே ஏறி அடுத்த அறையில் இறங்கியது. ஆகவே உங்கள் அலுவலகத்திலும் முதல் வேலை, சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி, தடுப்பு மேல்தளத்தைத் தொடுகிறதா என்று பார்ப்பதுதான். ஒலித் தடுப்புக்கு எஸ்.டி.சி. என்றொரு அளவு உண்டு. ஒற்றைக் கண்ணாடித் தடுப்பு சுமார் 35-ஐத் தரும். உரத்த பேச்சு அதில் கேட்கும், ஓரளவு புரியவும் செய்யும். இருபுறமும் இரட்டை ஜிப்சம் பலகை, நடுவில் ராக் வூல் எனப்படும் கல் இழைப் பஞ்சு என்று தளத்திலிருந்து தளம் வரை கட்டினால் 50-ஐ எட்டலாம். கதவுதான் அடுத்த ஓட்டை: அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சுவருக்குச் செலவழித்த பணம் அவ்வழியே போய்விடும். கதவு மூடும்போது தானாகக் கீழே இறங்கி இடைவெளியை அடைக்கும் ரப்பர் பட்டை கிடைக்கிறது, அதைப் பொருத்துங்கள். கனமான முழு மரக் கதவு வேண்டும். உள்ளே தேன்கூட்டு அட்டை வைத்த கதவு உதவாது.

அறைக்குள் எதிரொலி குறைய, தறி நெசவு ஜமுக்காளத்தை ராக் வூல் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிச் சுவரில் மாட்டலாம். பவானி உங்களுக்கு எட்டாத தூரமில்லையே. வெளிச்சத்துக்கு, ஏழடிக்கு மேலே மட்டும் ஒரு பட்டை இரட்டைக் கண்ணாடி வைத்தால் வெளிச்சமும் வரும், முகமும் தெரியாது. அழுதுகொண்டே பேசும் ஒருவரை நடைபாதையில் போகிறவர்கள் பார்க்காமல் இருப்பது, நீங்கள் அவருக்குக் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை.

கேள்வி: புது அலுவலகத்துக்கு மாறி இரண்டு மாதம் ஆகிறது. பிற்பகலானால் எல்லோருக்கும் தலைவலி, கண் எரிச்சல், தூக்கம். ஏ.சி. புதியது, ஐந்து நட்சத்திரம். என்ன குறை? (ஜூனியர் வழக்கறிஞர், மதுரை)

பதில்: இரண்டு குறைகள் இருக்கக்கூடும், இரண்டும் சேர்ந்தே இருப்பதும் வழக்கம். முதலாவது, மலிவான பிளைவுட்டும் பலகைகளும். அவற்றை ஒட்டும் யூரியா வகைப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மாதக்கணக்கில் கசியும். வெப்பமும் ஈரப்பதமும் கூடும்போது கசிவும் கூடும். இரவில் ஏ.சி.யை நிறுத்தி, ஜன்னலை மூடிவிட்டுப் போகும் மதுரை அலுவலகத்தில் காலையில் என்ன சேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. பலகை வாங்கும்போது, இந்தக் கசிவு குறைவு என்பதைக் குறிக்கும் ஈ-0 அல்லது ஈ-1 தரம் கேட்க வேண்டும். ஃபீனால் பசையில் ஒட்டும் ஐ.எஸ். 710 தரப் பலகையில் இந்தக் கசிவு மிகவும் குறைவு. நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டதால், லேமினேட் ஒட்டாத அடிப்பக்கங்களையும் வெட்டு விளிம்புகளையும் அடைக்கச் சொல்லுங்கள். சில வாரங்களுக்குக் காலை ஒரு மணி நேரம் எல்லா ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். ‘புது ஆபீஸ் வாசனை’ என்று மகிழ்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

இரண்டாவது, ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளியே பத்து லட்சத்தில் சுமார் 420 பங்காக இருக்கும் கரியமில வாயு, பத்துப் பேர் அடைந்து கிடக்கும் கலந்தாய்வு அறையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் 2,000-ஐத் தாண்டுவதை என் கைக்கருவியிலேயே பார்த்திருக்கிறேன். எதிர்வழக்கின் ஓட்டையை யாராலும் கண்டுபிடிக்க முடியாத நேரம் அதுதான். வெளிக்காற்றை வடிகட்டி, வெளியேறும் குளிர்ந்த காற்றோடு வெப்பத்தைப் பரிமாறிக்கொண்டு உள்ளே அனுப்பும் கருவியைப் பொருத்துங்கள், ஏ.சி.யின் சுமையும் அவ்வளவாகக் கூடாது.

ஏ.சி.யை 20-இல் வைத்துக் கோட்டுக்குள் நடுங்குவதைவிட, 26-இல் வைத்து மின்விசிறியையும் ஓட்டுவது மேல். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்று மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. எனப்படும் தூரிகையில்லா மோட்டார் கொண்ட மின்விசிறிக்கு 30 வாட் போதும். அடுத்த முறை ஏ.சி. வாங்கும்போது நட்சத்திரத்தோடு அதில் நிரப்பியிருக்கும் குளிரூட்டும் வாயுவையும் பாருங்கள்: ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைப் பூமியில் ஏற்றும், ஆர்-32 என்றால் அது 675.

கேள்வி: என் சீனியர் காலமான பின் அவருடைய நூலகம் என்னிடம் வந்திருக்கிறது. சட்ட அறிக்கைத் தொகுப்புகள் மட்டும் 2,000-க்கு மேல். மாடியில் வைக்கலாமா? எல்லாமே கணினியில் வந்துவிட்ட காலத்தில் இவற்றை வைத்திருப்பது இடத்துக்கும் மின்சாரத்துக்கும் வீண் என்கிறார் மகன். (வழக்கறிஞர், திருநெல்வேலி)

பதில்: முதலில் எடையைப் பார்ப்போம். தடித்த அட்டை போட்ட சட்டப் புத்தகங்கள் அடி நீளத்துக்குச் சுமார் 10 கிலோ வரும். மூன்றடி அகலத்தில் ஆறு தட்டு கொண்ட அலமாரி, மரத்தோடு சேர்த்து 200 கிலோவைத் தாண்டிவிடும். அது நிற்பதோ மூன்று சதுர அடியில், அதாவது ஒரு சதுர மீட்டரில் கால் பங்குக்குச் சற்று மேல். தனிக் கோப்பு அறை உள்ள அலுவலகத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ தாங்க வேண்டும் என்றும், புத்தக அடுக்கு அறை என்றால் 600 கிலோ என்றும் இந்தியத் தர விதி 875 கணக்கிடுகிறது. சாதாரண அலுவலகத் தளத்தின் நடுவில் வரிசை வரிசையாக அலமாரிகளை நிறுத்த முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும். சுமை தாங்கும் சுவர்களை ஒட்டி, பொறியாளர் குறித்துக் கொடுக்கும் இடங்களில் மட்டும் வையுங்கள். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டு விரல் காற்று விடுங்கள். வசம்புத் துண்டுகளைத் தட்டுகளில் போட்டுவைக்கும் பழைய வழக்கத்தை நான் இன்றும் பின்பற்றுகிறேன்.

மகன் சொல்வதில் பாதி சரி. மாவட்ட நீதிமன்றங்கள் வரை ஆவணங்களைக் கணினிமயமாக்கும் மின் நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் முதல் ஏ4 தாளின் இரு பக்கமும் அச்சிடுவதற்கு மாறியது. கேஸ் கட்டுகளுக்கான இடத்தை இனிப் பெருக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சடித்து முடிந்த புத்தகத்துக்கு மேற்கொண்டு மின்சாரம் வேண்டாம். அதை எறிவதில் சிக்கனமும் இல்லை. போதாக்குறைக்கு, தளம் முதல் கூரை வரை புத்தகம் நிறைந்த சுவர் நன்றாகவே ஒலியை உள்வாங்கும். சீனியரின் கையெழுத்துக் குறிப்புகள் உள்ள தொகுதிகளை உங்கள் அறையிலும், மற்றவற்றை ஜூனியர்கள் உட்காரும் கூடத்திலும் வையுங்கள். இரட்டைப் பிரதிகளை உங்கள் ஊர் வழக்கறிஞர் சங்க நூலகத்துக்குக் கேட்டுக் கொடுக்கலாம்.

கேள்வி: முப்பது பேர் கொண்ட நிறுவனம் எங்களுடையது, கிண்டியில் ஒரு கண்ணாடிக் கோபுரத்தில் புதுத் தளம் எடுத்திருக்கிறோம். பசுமைச் சான்றிதழ் வாங்குவது பணத்துக்குத் தகுமா? (பங்குதாரர், சென்னை)

பதில்: ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பசுமைக் கட்டட மன்றம், உள்ளமைப்புக்கென்றே தனித் தரமதிப்பீடு வைத்திருக்கிறது, அமெரிக்காவின் லீட் முறையிலும் உள்ளமைப்புக்குத் தனிப் பிரிவு உண்டு. வாடகைத் தளத்துக்கு இவை பொருந்தும். சான்றிதழால் விளம்பரம் கிடைக்கும் என்று எண்ணினால், வழக்கறிஞர் தொழிலுக்கு விளம்பரத்தையே தடுக்கும் பார் கவுன்சில் விதி 36-ஐ உங்களுக்கு நான் நினைவூட்டுவது அழகல்ல. பெயர்ப் பலகைகூட அளவாக இருக்க வேண்டும் என்கிறது அது. சான்றிதழின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை செபி 2022–23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அவர்கள் தங்கள் வழக்கறிஞர்களிடமும் கேள்விப் பட்டியலை நீட்டத் தொடங்கினால், காட்டுவதற்குக் கையில் தாள் இருக்கும். ஒப்பந்ததாரர் ஒவ்வொரு பொருளுக்கும் ரசீதும் தரச் சான்றும் கொடுக்கக் கடமைப்படுவதும் ஒரு பயன்தான். ஈ-1 என்று சொல்லி வேறு பலகையை இறக்கும் பழக்கம் அங்கே செல்லாது. முன்பிருந்தவர்கள் விட்டுச் சென்ற தடுப்புகளையும் கம்பளத்தையும் இடிப்பதற்கு முன் எனக்கு ஒரு பட்டியல் அனுப்புங்கள். அவற்றில் எதை வைத்துக்கொள்ளலாம் என்று குறித்து அனுப்புகிறேன்.

கேள்வி: வரவேற்பறையில் சுவர் முழுக்கச் செடி வளர்க்கும் பசுமைச் சுவர் அமைக்க ஆசை. செய்யலாமா? (வழக்கறிஞர், சேலம்)

பதில்: வேண்டாம். ஏ.சி. அறையில் அதற்குத் தினமும் தண்ணீரும், நாள் முழுக்கத் தனி விளக்கும், மாதந்தோறும் செடி மாற்றும் ஆளும் தேவை; தண்ணீர்க் குழாய் ஒருமுறை கசிந்தால் அடியில் இருக்கும் வக்காலத்து நாமாக்கள் நனையும். ஜன்னலோரம் இரண்டு மண் தொட்டிகளில் மணி பிளான்ட் வையுங்கள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் குமாஸ்தாவிடம் கொடுங்கள். அவர் விடுப்பில் போகும் நாளில் மட்டும் நீங்கள் ஊற்றினால் போதும்.